ஆறாம் மாதப் படிவம் திரும்பி வருவதே இல்லை. வந்தாலும் நம்ப முடியவில்லை. என்ன செய்கிறீர்கள்?

நடைபழக்கி:

வணக்கம். 11 வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப நடக்க வைப்பது என் வேலை. இரண்டு வருடமாக இன்னொன்றும் என் தலையில் விழுந்திருக்கிறது. "உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது" என்று நோயாளிகளிடமே கேட்டு எழுதி வாங்கும் படிவங்களுக்கு நான்தான் பொறுப்பு.

நாங்கள் வைத்திருப்பது ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண். தெரியாதவர்களுக்காக: 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. கூடுதலாக வந்தால் நல்லது. அறுவைக்கு முன் ஒரு தடவை, ஆறாம் மாதம் ஒரு தடவை, வருடம் முடிந்ததும் ஒரு தடவை வாங்க வேண்டும்.

முதல் படிவம் ஒன்றுகூடத் தவறாது. அது இல்லாமல் அறுவைக்குத் தேதி கொடுக்க மாட்டார்கள் என்பதால். (அதிலேயே ஒரு கோளாறு. "நல்லா இருக்குன்னு எழுதினா ஆபரேஷனைத் தள்ளிப் போட்ருவாங்களோ" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். வலியை ஒரு படி கூட்டித்தான் எழுதுவார்கள் போல.) ஆறாம் மாதம்தான் சிக்கல். 40 பேருக்கு அனுப்பினால் 14, 15 வரும்.

அந்தப் பதினைந்தையாவது நம்பலாம் என்று இருந்தேன். போன மாதம் ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வெவ்வேறு ஆட்களின் தாள்களில் டிக் எல்லாம் ஒரே மாதிரி வால் நீண்டு, ஒரே பச்சை மையில் இருந்தது. பயிற்சிக்கு வந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவங்கதான் சொன்னாங்க மேடம், நான் டிக் மட்டும்தான் போட்டேன்" என்றாள். பொய் சொல்லும் பெண் இல்லை. மறுநாள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காது கொடுத்தேன்.

"அம்மா, ராத்திரி வலி இல்லைதானே?"
"ம்."
"படி ஏறிடறீங்கதானே?"
"ம்... பரவால்ல."

அந்த "தானே" போதும். கேள்விக்குள்ளேயே பதில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குமேல் இந்தப் "பரவாயில்லை" இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது? சௌக்கியம் என்பதற்கும் பரவாயில்லை, தாங்க முடியவில்லை, ஆனால் உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்பதற்கும் பரவாயில்லை. அவள் நல்ல பக்கமாக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இன்னொரு தாளில் அம்மாவுக்காக மகள் நிரப்பியிருந்தார். படி இறங்குவது: "சுலபம்". அந்த அம்மாவை நான் நடக்கவிட்டுப் பார்த்தேன். மாடிப் பக்கம் போயே மாதக்கணக்கு ஆகிறதாம், கட்டிலைக் கீழே போட்டுக்கொண்டாராம். மகள் பொய் எழுதவில்லை. அம்மா படியைப் பற்றிப் புலம்பி அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகம் சொல்லும் வழி, காத்திருக்கும் இடத்தில் ஒரு டேப்லெட் கணினி, வீட்டுக்குப் போனவர்களுக்கு இப்போது போவது போலவே எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க். இது எண்ணிக்கையைக் கூட்டுமோ என்னவோ, எனக்கு உண்மையும் வேண்டும். இதில் அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

எலும்புச்சுத்தி:

அறுவை மருத்துவன் என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எனக்கு ஓ.பி.யில் ஓர் ஆளுக்கு ஏழு நிமிடம். எக்ஸ்ரேயில் மூட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறது, கால் 110 டிகிரி மடங்குகிறது, தானாக நடந்து உள்ளே வருகிறார். அப்புறம் கோப்பில் "31" என்று ஓர் எண் இருக்கிறது. அந்த 31-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. பார்க்காத எண்ணை எதற்குச் சேர்க்கிறீர்கள்?

---

இரவுப்பணி:

டாக்டர் கேட்டது நியாயமான கேள்விதான். நடைபழக்கி தேடும் பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலி. எங்கள் பக்கம் இதைப் பேசினால் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் ஈதன் பாஷ் குழு செய்த ஆய்வு வராமல் இருக்காது. 766 பேர். ஒரு பகுதியினர் வாந்தி, வலி, மூச்சிரைப்பு என்று 12 தொந்தரவுகளைப் பற்றிக் கணினியில் தாங்களே பதிந்துகொண்டே வந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். மேடைக்கு மேடை இந்த இரண்டு எண்ணைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தொந்தரவு கடுமையானாலோ கூடினாலோ செவிலிக்கு மின்னஞ்சல் போகும். அப்படிப் போன எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்குச் செவிலிகள் ஏதாவது ஒன்று செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு போன் போட்டுப் பேசுவது. ஆயுளைக் கூட்டியது படிவமா அந்தப் போனா என்று கேட்டால் நான் போன் பக்கம்தான் நிற்பேன்.

இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு செயலி வைத்தார்கள். எச்சரிக்கையெல்லாம் ஒரு பொது அஞ்சல் பெட்டிக்கு வரும். பொது என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம். வெள்ளி மாலை ஒருவர் "வாந்தி, கடுமை" என்று பதிந்திருக்கிறார். சனிக்கிழமையும் பதிந்திருக்கிறார். திங்கள் காலை உடம்பில் நீரே இல்லாமல் சக்கர நாற்காலியில் வந்தார். சலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ரெண்டு தடவை சொன்னேனேம்மா" என்றார். திட்டவில்லை. தேறி வீட்டுக்குப் போனார், அதற்குப் பிறகு அந்தச் செயலியை அவர் திறக்கவே இல்லை. கணக்கு எடுத்தவர்கள் அவரை "ஒத்துழைக்காத நோயாளி" பட்டியலில் போட்டார்கள்.

ஆகையால், தங்கச்சி, டேப்லெட்டா தாளா என்பதைப் பிறகு பாருங்கள். வருவதைப் படிக்கப் போவது யார், எந்த நேரத்தில், அவர் லீவு போட்டால் யார்? இதற்கு ஆள் பெயரோடு பதில் எழுதி ஒட்டிவிட்டு அப்புறம் கேள்வி கேளுங்கள். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 படிவத்தையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. ஒருவர் அதில் "ஏறக்குறைய தினமும்" என்று போட்ட தாள் சனி, ஞாயிறு முழுக்கத் தட்டில் கிடந்தால், அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

---

இடது_முழங்கால்:

நான் மருத்துவத் துறை இல்லை. படிவம் நிரப்புகிற கட்சி. சொல்லலாமா?

அறுவை ஆகி ஆறு மாதம் கழித்து எனக்கும் ஒரு லிங்க் வந்தது. தெரியாத எண்ணிலிருந்து. மருத்துவமனை பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. தட்டினால் முதல் வரியிலேயே பிறந்த தேதி கேட்கிறது. "இப்படி வந்தால் தொடாதே" என்று என் பிள்ளைகள் எனக்குப் பாடம் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழித்துவிட்டேன். நான் நிரப்ப மறுத்தவன் என்று யாராவது எழுதி வைத்திருந்தால், காரணம் இதுதான்.

ஒரு வருடத்தில் நேரில் போனபோது தாளைக் கொடுத்தார்கள். எங்கே? டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தும் வாங்கிவிட்டு, கிளம்பும் கடைசிக் கவுண்டரில். எனக்கு அறுவை செய்தவர் தங்கமான மனிதர். அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு வந்த அடுத்த நிமிடம் "வலி: கடுமை" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றுக்கும் "லேசாக" என்று ஒரே கோடாகப் போட்டேன். "மிதமாக" என்று ஒரு கட்டம் இருந்தது. மிதமான மழை கேள்விப்பட்டிருக்கிறேன். மிதமான வலி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மண்டி போட்டு எழுந்திருக்க முடியுமா என்று ஒரு கேள்வி. நான் முயற்சி பண்ணினதே இல்லை, உள்ளே இருக்கும் உலோகம் நகர்ந்துவிடுமோ என்று பயம். "முடியாது" என்று போடுவதா, "தெரியாது" என்று போடுவதா? தெரியாது என்பதற்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: "ராத்திரி தூக்கம் இல்லை. வலியால் இல்லை, திரும்பிப் படுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று." அதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த முறை போனபோதும் அதே தாளைத்தான் புதிதாகக் கொடுத்தார்கள்.

---

எண்ணும்_எழுத்தும்:

புள்ளியியல் ஆள். இடது_முழங்கால் ஐயா எழுதியதை அச்செடுத்து என் மேசைக்கு முன்னால் ஒட்டப் போகிறேன்.

முதலில் டாக்டருக்கு. வெறும் 31-க்கு அர்த்தம் இல்லை என்பது சரி. அறுவைக்கு முன் அவருக்கு 14 இருந்ததா 29 இருந்ததா என்பது பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும். மொத்தத்தையும் விடுங்கள், 12-ல் எந்தக் கேள்வியில் 0 அல்லது 1 வாங்கியிருக்கிறார் என்று பாருங்கள். ஏழு நிமிடத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அவர்களில் பலருக்கும் எக்ஸ்ரே அழகாகத்தான் இருக்கும், அங்கேதான் உங்கள் கண் ஏமாறுகிறது.

அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குப் பின்னும் நோயாளியைத் தேடிப் பிடித்துப் பலன் என்ன என்று குறித்து வைக்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே போஸ்டனில் ஏர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஆளுக்கொரு அட்டை போட்டுக் கொண்டு வந்தார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1914-ல் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையை விட்டு வெளியேறினார். ஆகவே உங்கள் எரிச்சலுக்கு நீண்ட பரம்பரை உண்டு டாக்டர், தனியாக இல்லை.

நடைபழக்கிக்கு. வராத 25 படிவங்களை "இல்லை" என்று நினைக்காதீர்கள். அவையும் தரவுதான். முழங்கால் நன்றாகிவிட்டவர் மறந்துபோவார். மிக மோசமாக இருப்பவர் எழுத மாட்டார், அல்லது கோபத்தில் வேறு இடத்துக்குப் போயிருப்பார். இரண்டு ஓரமும் உதிர்ந்து நடுவில் இருப்பவர்கள்தான் உங்கள் தாள்கட்டுக்குள் இருக்கிறார்கள். அந்த 15 பேரின் சராசரியை 40 பேருடையது என்று அறிக்கையில் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். "40-ல் 15" என்று எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். பிறகு வராதவர்களில் ஒரு பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து நீங்களே போன் பண்ணுங்கள். ஆயிரம் லிங்க் அனுப்பித் தெரிந்துகொள்வதைவிட அந்தப் பத்து அழைப்பில் அதிகம் தெரியும்.

கட்டத்தை விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டிலேயே விதி உண்டு. ஒன்றோ இரண்டோ விடுபட்டிருந்தால் மற்றவற்றின் சராசரியை அங்கே இடலாம், அதற்கு மேல் போனால் மொத்தம் போடக் கூடாது. ஆக மண்டி போடும் கேள்வியைக் காலியாக விட்டால் குடி முழுகாது. பயிற்சிப் பெண் ஊகித்து நிரப்புவதுதான் கெடுதி.

"மிதமாக" பிடிக்கவில்லை என்று நீங்களே சொல்லை மாற்றிவிடாதீர்கள். இவையெல்லாம் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் கருவிகள். ஒரு சொல்லை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. முறைப்படி செய்யும் மொழிபெயர்ப்பு என்றால், பெயர்த்ததைத் திரும்ப மூலமொழிக்குப் பெயர்த்துப் பார்ப்பார்கள், பிறகு நோயாளிகளை உட்கார வைத்து "இதை வாசித்ததும் என்ன புரிந்தது" என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார்கள். உங்கள் கையில் இருக்கும் தாள் அந்த வழியாக வந்ததா, இல்லை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டியதா என்று விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் இடுப்பு மூட்டு, முழங்கால், குடலிறக்கம், நரம்புச் சுருட்டு என்று நான்கு அறுவைகளுக்கு நாடு முழுக்க இப்படி நோயாளிகளிடம் படிவம் வாங்கினார்கள். (பின்னிரண்டை 2017-ல் நிறுத்திவிட்டார்கள்.) அங்கே முதல் படிவத்தை மருத்துவமனை கொடுக்கும். அறுவைக்குப் பிந்தையது, மூட்டு என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு, வீட்டுக்குத் தபாலில் போகும். அறுவை செய்தவரின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. இடது_முழங்கால் ஐயாவுக்குக் கை வராமல் போனது இதனால்தான்.

---

எலும்புச்சுத்தி:

அந்தக் காட்மன் கதை எனக்குத் தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன், முந்தைய எண்ணும் மோசமான கேள்வியும் ஒரே வரியில் கோப்பின் மேலே இருந்தால் பார்ப்பேன். இரண்டாவது பக்கத்தில் இருந்தால் பார்க்க மாட்டேன். இதுவும் உள்ளதைத்தான் சொல்கிறேன்.

---

நடைபழக்கி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

படிவத்தைக் கடைசிக் கவுண்டரிலிருந்து முதலுக்குக் கொண்டுவந்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன், என் அறையில். வாசிக்கத் தெரிந்தவர் தானே நிரப்புவார், இல்லையென்றால் நான் தாளில் உள்ளதை உள்ளபடி வாசிப்பேன். பயிற்சிப் பெண்ணையும் விலக்கவில்லை, "தானே" போடாமல் கேட்கப் பழக்கினேன். அவளுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? "வலி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடி மௌனம் அவளால் தாங்க முடியாது, "பரவால்லையா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். இப்போது மேசைக்கு அடியில் விரலை எண்ணிக்கொண்டு உட்காருகிறாள். யாராவது "பரவாயில்லை" என்றால் பதில் விருப்பங்கள் ஐந்தையும் மறுபடி வாசித்துக் காட்டுகிறோம், அவரே விரல் வைக்க வேண்டும். நிரப்பியது நோயாளியா வீட்டாரா என்று குறிக்க மேலே ஒரு கட்டமும் போட்டிருக்கிறேன்.

கோப்பின் மேலே ஒரு வரி ஒட்டுகிறேன்: முன்பு 16, இப்போது 33, மோசம்: இரவு வலி. எங்கள் டாக்டர்கள் மூன்று பேரில் இருவர் அதைப் பார்த்துப் பேசுகிறார்கள். மூன்றாமவர் அதன் மேலேயே மருந்துச் சீட்டைப் பின் போடுகிறார்.

வராதவர்களில் பத்துப் பேரைக் குலுக்கி எடுத்துக் கூப்பிட்டேன். இடது_முழங்கால் ஐயா சொன்னது போல லிங்க்கைப் பார்த்துப் பயந்தவர்கள் இருவர். ஒருவர் காலமாகிவிட்டார், அவர் வீட்டுக்கு நாங்கள் மூன்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம். அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மன்னிப்பு மட்டும் கேட்டேன். ஒருவருக்கு எண்ணே மாறிவிட்டது. ஒருவர் கால் இப்போது அருமையாக இருக்கிறது என்று சொல்லி, அதற்கு எதற்குப் படிவம் என்று கேட்டார். மீதி ஐந்து பேர் விஷயம் எனக்கு உறைத்தது. கோப்பில் இருந்த எண் அவர்களுடையதே இல்லை, மகனுடையது அல்லது மருமகளுடையது. சேர்க்கும்போது கூட வந்தவர் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். லிங்க் ஆறு மாதமாக அந்தப் போன்களில் உறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது சேர்க்கை நேரத்திலேயே "இது யாருடைய போன்?" என்று கேட்டு எழுதுகிறோம். வீட்டுக்கு அனுப்பும் முன், எந்த எண்ணிலிருந்து செய்தி வரும் என்று காட்டி, அவர்கள் போனிலேயே பெயர் போட்டுச் சேமித்துக் கொடுக்கிறோம்.

இரவுப்பணி அக்கா, படிப்பவர் பெயர் ஒட்டியாகிவிட்டது. என் பெயர்தான். லீவு நாளுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் பி.எச்.க்யூ-9-ஐச் சேர்க்கச் சொன்னபோது இப்போதைக்கு முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

கடந்த மாதம் ஆறாம் மாதப் படிவம் 40-ல் 27 வந்தது. ஆனால் சராசரி விழுந்துவிட்டது. முன்பு 41, 42 என்று இருந்தது, இப்போது 35. மாத அறிக்கை போன மூன்றாம் நாள் நிர்வாகத்திலிருந்து கடிதம்: "முழங்கால் அறுவையின் தரம் குறைந்ததற்கான காரணத்தை விளக்கவும்." அந்தப் பச்சை மைத் தாள்கள் இரண்டை அத்தாட்சியாக இணைத்துப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். எண்ணும்_எழுத்தும், அனுப்பும் முன் உங்களிடம் ஒரு தடவை காட்டலாமா?

---

எண்ணும்_எழுத்தும்:

அனுப்புங்கள். நோயாளி பெயரை அடித்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பெண்ணின் பெயரையும்.